மூச்சை இழுத்தால் மேலே, விட்டால் கீழே: ஹெட்செட்டுக்குள் ஒரு காடு

[எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.]

இயர்போன் மாட்டிக்கிட்டு பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு ஸ்பெஷல் வணக்கம். இன்றைய எபிசோட் உங்களுக்குத்தான் ரொம்பப் பொருந்தும். ஏன் என்று கடைசியில் சொல்றேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. போன மாதம் அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு மாலுக்குப் போயிருந்தேன். அவனுக்கு 9 வயசு. அங்கே கேம் ஜோனில் ஒரு மூலையில் விஆர் ஹெட்செட் வைத்து, ‘அமேசான் காட்டுக்குள் ஒரு பயணம்’ என்று போர்டு போட்டிருந்தார்கள். 5 நிமிஷம், 150 ரூபாய். சரி, நானும் மாட்டிப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று காடு, பெரிய அருவி, கிளிகள். திடீரென்று முகத்துக்கு நேரே ஒரு புலி பாய்கிறது. நான் ‘ஐயோ’ என்று கத்திவிட்டேன். பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சிரித்து முடித்துவிட்டு அவன்தான் கேட்டான்: “மாமா, அமேசானில் ஏது புலி?”

நியாயமான கேள்வி. அங்கே இருப்பது ஜாகுவார்.

ஆனால் என்னை உறுத்தியது புலி இல்லை. ஹெட்செட்டைக் கழற்றினேன் பாருங்க, அந்த நிமிஷம்தான். டியூப்லைட், பாப்கார்ன் வாசனை, பின்னால் வரிசையில் நிற்கிற பசங்க. எல்லாமே கொஞ்சம் மங்கலாக, அழுக்காகத் தெரிந்தது. வெளியே வந்தால் பார்க்கிங்கில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அருவியும் கிளியும் பார்த்த கண்ணுக்கு பார்க்கிங் வேப்பமரம் என்ன பெரிசு?

வீட்டுக்கு வந்த பிறகும் இது மனசில் ஓடிக்கிட்டே இருந்தது. இயற்கையைக் காட்டுகிற ஒரு மெஷின், நம்மை இயற்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோகுமா? இல்லை, நம்மைச் சுற்றி இருக்கிற கொஞ்ச நஞ்சத்தையும் சப்பென்று ஆக்கிவிடுமா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பார்த்தால், இந்தக் கேள்வியை ஒரு கலைஞர் 1995லேயே கையில் எடுத்திருக்கிறார். இன்றைக்கு அவரிடமிருந்து ஆரம்பிப்போம்.

கையில் எதுவும் இல்லை

அவர் பெயர் ஷார் டேவிஸ். கனடாக்காரர். அடிப்படையில் ஓவியர். 1980களின் கடைசியில் மான்ட்ரியலில் ‘சாஃப்ட்இமேஜ்’ என்கிற 3டி மென்பொருள் கம்பெனியில் ஆரம்ப நாட்களிலேயே சேர்ந்தவர். நாம எல்லாரும் வாய் பிளந்து பார்த்த ‘ஜுராசிக் பார்க்’ டைனோசர்களை அசைய வைத்ததில் அந்த மென்பொருளுக்கும் பங்கு உண்டு. 1994இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது.

டேவிஸுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் பொருட்களின் ஓரம் எல்லாம் கரைந்துவிடும். மரம் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. நம்மில் பவர் அதிகமாக இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். நமக்கு அது தொந்தரவு. அவருக்கு அதுதான் ஓவியத்தின் விஷயமே. பொருட்களுக்கு நடுவில் கோடு போடாமல் பார்க்கிற ஒரு பார்வை என்று அவர் அதை எடுத்துக்கொண்டார்.

ஆனால் அப்போதைய 3டி கிராஃபிக்ஸ் இதற்கு நேர் எதிர். எல்லாம் கெட்டியாக, பளபளப்பாக, கூர்மையான விளிம்போடு இருக்கும். நடுவில் நீங்க நிற்பீங்க, கையில் ஒரு ஜாய்ஸ்டிக். போகணும், பிடிக்கணும், சுடணும். உலகம் என்பது நாம் ஆளுவதற்காக அங்கே கிடக்கிற ஒரு இடம். இந்த மனப்பான்மைதான் டேவிஸை உறுத்தியது. இயற்கையை நாம் இப்படி நடத்துவதால்தானே பாதிப் பிரச்சினையே. அதே பழக்கத்தை ஒரு புது மெஷினுக்குள்ளும் கொண்டுபோகணுமா?

அப்படி வந்த படைப்புதான் ‘ஆஸ்மோஸ்’. 1995இல் மான்ட்ரியலின் நவீன கலை அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டது.

அது எப்படி வேலை செய்தது தெரியுமா? தலையில் ஹெட்செட். மார்பைச் சுற்றி ஒரு உடுப்பு. நீங்க மூச்சு இழுக்கும்போது மார்பு விரிகிறது இல்லையா, அதை அந்த உடுப்பில் இருக்கிற சென்சார் அளக்கும். முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை இன்னொரு சென்சார் பார்க்கும். அவ்ளோதான். கையில் எதுவும் கிடையாது. பட்டன் இல்லை, ஜாய்ஸ்டிக் இல்லை. மூச்சை இழுத்தால் மெல்ல மேலே மிதப்பீர்கள். விட்டால் கீழே இறங்குவீர்கள். முன்னால் சாய்ந்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள்.

இந்த யோசனை அவருக்கு ஸ்கூபா டைவிங்கில் இருந்து வந்தது. கடலுக்கு அடியில் மிதக்கிறவர்களுக்கு இது தெரியும். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் உடம்பு லேசாக மேலே எழும். வெளியே விட்டால் தாழும். தண்ணீருக்குள் அடித்துப் பிடித்து நீந்தினால் காற்றுத்தான் தீர்ந்துபோகும். நிதானம்தான் அங்கே கியர், நிதானம்தான் பிரேக்.

உள்ளே போனால் முதலில் வெறும் கட்டம் கட்டமான கோடுகள். நாம் பள்ளிக்கூடத்தில் கிராஃப் தாளில் பார்த்த மாதிரி. முதல் மூச்சில் அது கரைந்து, ஒரு காட்டு வெளி தெரிய ஆரம்பிக்கும். நடுவில் ஒரு மரம், பக்கத்தில் ஒரு குளம். எதுவும் கெட்டியாக இருக்காது. எல்லாம் வெளிச்சப் புள்ளிகளால் ஆனது, எல்லாவற்றையும் ஊடுருவிப் பார்க்கலாம். மரத்தில் முட்டிக்கொள்ள மாட்டீர்கள். அதற்குள்ளேயே நுழைந்து போவீர்கள். ஒரு இலைக்குள் போகலாம். மூச்சை விட்டு விட்டு இறங்கினால் மண்ணுக்கு அடியில் வேர்களுக்கும் பாறைகளுக்கும் நடுவில் போகலாம். இன்னும் கீழே இறங்கினால், இந்த உலகத்தைச் செய்த மென்பொருள் வரிகளே பச்சை எழுத்தில் மிதந்துகொண்டிருக்கும். இது செய்த காடுதான், நிஜம் என்று ஏமாந்துவிடாதே என்று படைப்பே உங்களிடம் சொல்லிவிடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

சத்தத்துக்கும் ஒரு கதை இருக்கு. உள்ளே தவளை மாதிரி, பூச்சி மாதிரி, காற்று மாதிரி பல ஒலிகள் கேட்கும். ஆனால் அத்தனையும் ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல் இரண்டை மட்டும் எடுத்து உருமாற்றிச் செய்தவை. மனுஷக் குரல் காடாகிவிட்டது.

பத்து நிமிஷத்தில் என்ன ஆகிறது

இப்பதான் முக்கியமான விஷயம். ஒருத்தர் உள்ளே இருப்பது மொத்தம் 15 நிமிஷம்தான். அந்த நேரத்தில் மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று டேவிஸ் கவனித்து எழுதியிருக்கிறார். முதல் சில நிமிஷம் எல்லாரும் நம்மைப் போலத்தான். அங்கே என்ன இருக்கு, இங்கே என்ன இருக்கு என்று ஓட்டம். எல்லாவற்றையும் பார்த்துவிடணும் என்கிற அவசரம். ரீல்ஸ் தள்ளுகிற கை மாதிரி. பத்து நிமிஷம் ஆகும்போது பெரும்பாலானவர்களிடம் ஒரு மாற்றம் வரும். வேகம் குறையும், முகம் தளரும், உடம்பு லேசாக ஆடும். எங்கேயும் போகவேண்டாம், இங்கேயே இருந்தால் போதும் என்கிற நிலை.

காரணம் புரிகிறதா? மூச்சுதான் ஸ்டியரிங் என்றால், அவசரப்பட முடியாது. வேகமாக மூச்சு வாங்கினால் மேலும் கீழும் குலுங்குவீர்கள், அவ்வளவுதான். இந்த உலகத்தில் எங்காவது போகணும் என்றால் முதலில் நீங்க அடங்கணும்.

கடைசியில் அந்த உலகம் மெல்ல விலகிப் போய்விடும். எவ்வளவு சாய்ந்தாலும், எவ்வளவு மூச்சு இழுத்தாலும் திரும்ப எட்ட முடியாது. ஹெட்செட்டைக் கழற்றியபோது சிலர் அழுதிருக்கிறார்கள். இனி சாவைப் பற்றிப் பயமில்லை என்று சிலர் சொன்னதாகவும் டேவிஸ் பதிவு செய்திருக்கிறார்.

இதை 1995இல் வைத்துப் பாருங்க. அதே வருஷம்தான் நின்டெண்டோ ‘வர்ச்சுவல் பாய்’ என்று ஒரு கேம் மெஷின் விட்டது. கறுப்பும் சிவப்பும் மட்டும் தெரிகிற திரை, கையில் கன்ட்ரோலர். தலைவலி வருகிறது என்று ஆட்கள் புலம்பி, ஒரு வருஷத்துக்குள் கடையிலிருந்து காணாமல் போச்சு. ஆஸ்மோஸ் ஓடியது சிலிக்கன் கிராஃபிக்ஸின் ‘ஆனிக்ஸ்’ என்கிற மிகப்பெரிய, மிக விலையான கம்ப்யூட்டரில். இன்றைக்கு உங்க பாக்கெட்டில் இருக்கிற போன் அதைவிடப் பல மடங்கு வேகம். கிராஃபிக்ஸ் என்று பார்த்தால் நான் மாலில் பார்த்த அருவிக்கு முன்னால் ஆஸ்மோஸ் ஒன்றுமே இல்லை. ஆனால் மாலில் யாரும் அழவில்லை. 

அப்போ நிஜம் மாதிரி தெரிவதில் விஷயம் இல்லை. உங்க உடம்பிடம் அது என்ன கேட்கிறது என்பதில்தான் இருக்கு.

1998இல் டேவிஸ் ‘எஃபெமேர்’ என்று அடுத்த படைப்பைச் செய்தார். ஒட்டாவாவில், கனடாவின் தேசியக் கலைக்கூடத்தில் காட்டினார்கள். மூச்சோடு இதில் பார்வையும் சேர்ந்தது. மண்ணுக்கு அடியில் ஒரு விதையைக் கொஞ்ச நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அது முளைக்கும். சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனால் முளைக்காது. நாம் ஒரு செடியிடம் அவ்வளவு நேரம் கடைசியாக எப்ப நின்றோம் என்று யோசித்துப் பாருங்க. நான் யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

காட்டிலேயே தொங்கிய ஹெல்மெட்

20 வருஷம் தாண்டி வருவோம். இங்கிலாந்து. லண்டனில் ‘மார்ஷ்மெல்லோ லேசர் ஃபீஸ்ட்’ என்று ஒரு கலைக்குழு. பெயர் ஏதோ டெஸர்ட் கடை மாதிரி இருக்கும். 2015இல் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் இருக்கிற கிரைஸ்டேல் காட்டில் இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். காட்டை லேசர் கருவியால் ஸ்கேன் செய்து, அதை வைத்து ஒரு விஆர் படைப்பு. உள்ளே போனால் நீங்க மனுஷன் இல்லை. கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி, அப்புறம் தட்டான், தவளை, ஆந்தை. ஒவ்வொன்றின் கண்ணிலும் அதே காடு வேற மாதிரி. கொசுவுக்கு நாம் வெளியே விடுகிற கார்பன் டை ஆக்சைடுதான் வழிகாட்டி. நம்ம மூச்சு அதுக்கு ஒரு அம்புக்குறி போர்டு மாதிரி. ராத்திரி கொசு நம்மைத் தேடி வருவதும் இதனால்தான்.

இதில் அவர்கள் எடுத்த ஒரு முடிவு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஹெட்செட்டை ஏசி ஹாலில் வைக்கவில்லை. அந்தக் காட்டுக்குள்ளேயே, பாசி படர்ந்த பெரிய உருண்டை ஹெல்மெட்டாகச் செய்து, மரங்களுக்கு நடுவில் தொங்கவிட்டார்கள். நடந்து போய், அதற்குள் தலையை விட்டு, தட்டானாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, தலையை வெளியே எடுத்தால் முன்னால் நிற்பது அதே காடு. அதே ஈரம், அதே இலை வாசனை.

என் மால் அனுபவத்தை இதோடு வைத்துப் பாருங்க. எனக்குக் கழற்றியதும் டியூப்லைட். அவர்களுக்குக் கழற்றியதும் காடு. கழற்றிய பிறகு வரப்போகிற அந்த நிமிஷத்தையும் இவர்கள் படைப்பில் சேர்த்துவிட்டார்கள். 

அதே குழு 2018 டிசம்பரில் லண்டன் சாட்சி கேலரியில் இன்னொன்று வைத்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நாம் ஒரு காற்றுக் கடலில் வாழ்கிறோம்’. இதன் நாயகன் ஒரு மரம். ஜயன்ட் செக்கோயா. உலகில் அளவில் மிகப்பெரிய மரங்கள் இவைதான். இயற்கையாக வளர்வது கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சரிவில் மட்டும். அதில் ‘ஜெனரல் ஷெர்மன்’ என்கிற மரம் சுமார் 84 மீட்டர் உயரம், வயது 2000க்கும் மேல். நம்ம கல்லணை வயசு என்று வைத்துக்கொள்ளுங்க.

இங்கே உங்க முகத்துக்குப் பக்கத்தில் மூச்சை அளக்கிற சென்சார். இதயத் துடிப்பை அளக்க இன்னொன்று. முதுகில் கம்ப்யூட்டர் பை, அதனால் ஒயர் இழுக்காமல் நடக்கலாம். அறையில் காற்று வீசும், மண் வாசனை வரும். நீங்க மூச்சு விட்டால் அது புள்ளிப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் மரத்தை நோக்கிப் போகும். பக்கத்தில் நிற்கிறவர் மூச்சும் தெரியும், அதுவும் கலக்கும். 

ஆறாம் வகுப்பில் படித்ததுதானே இது? செடி கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனை விடும். பரீட்சையில் 2 மார்க் கேள்வி. நாம எல்லாரும் சரியாக எழுதி மார்க் வாங்கினோம். ஆனால் அது என் மூச்சு, இந்த மரம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தெரிந்த விஷயத்தைக் கண்ணால் பார்க்க வைக்கிறது இந்தப் படைப்பு. 

இதற்கு ஒரு கசப்பான பின்கதையும் உண்டு. 2020, 2021 இரண்டே வருஷத்தில் வந்த காட்டுத் தீயில், உலகில் இருக்கிற பெரிய செக்கோயா மரங்களில் 13 முதல் 19 சதவீதம் வரை செத்துப்போனதாக அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை மதிப்பிட்டது. தீயோடு வாழப் பழகிய மரம் அது. அதன் காய் வெடித்து விதை விழுவதற்கே சூடு உதவும். அப்படிப்பட்ட மரம் தாங்க முடியாத தீ. 2018இல் லண்டனில் அந்த மரத்துக்கு முன்னால் நின்று மூச்சு விட்டவர்களுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

இலவமரமாக இருப்பது

இப்ப நமக்குப் பழக்கமான ஒரு மரம். 2017 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் ‘ட்ரீ’ என்று ஒரு விஆர் படைப்பு வந்தது. செய்தவர்கள் மிலிட்சா ஜெட்ஸ், வின்ஸ்லோ போர்ட்டர். எம்ஐடி மீடியா லேபைச் சேர்ந்தவர்களும் கைகொடுத்தார்கள். இதில் நீங்க மரத்தைப் பார்க்கப் போவதில்லை. நீங்கதான் மரம். அமேசான் மழைக்காட்டில் ஒரு விதையாக மண்ணுக்குள் ஆரம்பிப்பீர்கள். உடம்பு அடிமரம், கை கிளை. கையை அசைத்தால் கிளை அசையும். மண்ணைப் பிளந்து, மற்ற மரங்களைத் தாண்டி வெளிச்சத்துக்கு வருவீர்கள். அதிர்வு, காற்று, வாசனை எல்லாம் உண்டு. கடைசியில் தீ. சூடு மேலே படும். நகர முடியாது. மரம் இல்லையா நீங்க, எங்கே ஓடுவீர்கள்?

அந்த மரம் ‘கபோக்’. நம்ம ஊரில் தலையணைக்கு இலவம் பஞ்சு அடைப்போம் இல்லையா, அந்தப் பஞ்சு மரம்தான். அமேசானில் காட்டுக்கே குடை பிடிக்கிற உயரத்துக்கு வளரும்.

இலவம் என்றதும் தமிழ் ஆளுக்கு உடனே ஞாபகம் வருவது கிளிதான். இலவு காத்த கிளி. காய் பழுக்கும், தின்னலாம் என்று காத்திருக்கும். பழுக்கிற நாளில் காய் வெடித்துப் பஞ்சாகப் பறந்துபோகும். இந்த விஆர் கலை மேல் எனக்கு இருக்கிற சந்தேகமும் இதேதான். மரமாக இருந்து பார்த்தவர்கள் அப்புறம் மரத்துக்காக ஏதாவது செய்வார்களா? இல்லை, பத்து நிமிஷம் உருகிவிட்டு, வெளியே வந்து செல்ஃபி எடுத்துக்கிட்டு, எல்லாம் பஞ்சாகப் போய்விடுமா?

இதைச் சோதித்த ஒரு ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லென்சன் குழு செய்து 2014இல் வெளியானது. சிலருக்கு விஆரில் ஒரு மரத்தைக் கையால் ரம்பம் பிடித்து அறுக்க வைத்தார்கள். சிலருக்கு அதே விஷயத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். அப்புறம் தற்செயலாக நடந்த மாதிரி தண்ணீரைக் கொட்டி, யார் எத்தனை பேப்பர் நாப்கின் எடுக்கிறார்கள் என்று எண்ணினார்கள். விஆரில் மரம் அறுத்தவர்கள் சுமார் 20 சதவீதம் குறைவாக எடுத்தார்கள். 

நல்ல செய்திதான். ஆனால் சில நாப்கினில் இருந்து அமேசான் வரை ரொம்ப தூரம் இருக்கு. காடு எரிவது நாம் உருகாததால் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் மாட்டுப் பண்ணை, சோயா, நில ஆசை, சட்டம், அரசியல் எல்லாம் இருக்கு. ‘நீயே மரமாக இருந்து பார்’ என்கிற படைப்பு அதையெல்லாம் மறைத்துவிட்டு, கண்ணீரோடு நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்தும் உண்டு. இன்னொன்றும் சொல்லணும். இந்த ஹெட்செட்டே மண்ணைத் தோண்டி எடுத்த உலோகம்தான். இரண்டு வருஷத்தில் பழைய மாடலாகி மின்குப்பையில் சேரும். அப்புறம், இந்தப் படைப்புகளை யார் பார்க்க முடிகிறது? லண்டன், மான்ட்ரியல், திரைப்பட விழா. நானே இவற்றில் ஒன்றையும் நேரில் மாட்டிப் பார்த்ததில்லை. பதிவுகளைப் பார்த்து, படித்துத்தான் பேசறேன். இதை மறைக்கக் கூடாது இல்லையா.

பதில் கிடைக்காத பாட்டு

ஒரு சிலது மட்டும் விஆரில்தான் முடியும். ஏன்னா வெளியே போய்ப் பார்க்க அது இல்லவே இல்லை.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே ‘ஓஓ’ என்று ஒரு கறுப்புப் பறவை இருந்தது. வெளியூரிலிருந்து வந்த கொசு, அது பரப்பிய பறவை மலேரியா, காடு அழிந்தது, புயல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து அந்த இனத்தை முடித்துவிட்டன. கடைசியில் ஒரே ஒரு ஆண் பறவை. ஜோடியைக் கூப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தது. பதிலுக்குப் பாட எதுவும் இல்லை. கடைசியாக அதன் குரல் கேட்டது 1987இல். அந்தப் பதிவு யூடியூபில் இருக்கு, உங்களில் சிலர் கேட்டிருப்பீங்க. ஒரு அடி பாடிவிட்டு இடைவெளி விடும். அந்த இடைவெளியில்தான் பெண் பறவை பாடணும்.

டென்மார்க் கலைஞர் யாகோப் குட்ஸ்க் ஸ்டீன்சன் இந்தப் பறவையை வைத்து ‘ரீஅனிமேட்டட்’ என்று ஒரு விஆர் படைப்பு செய்தார். அந்தத் தீவை, அந்தப் பறவையைத் திரும்ப உருவாக்கினார். அதிலும் பாருங்க, உங்க மூச்சுக்கும் குரலுக்கும் அந்த உலகம் பதில் சொல்லும். 

இதைப் படிச்சப்ப எனக்கு இரண்டு மாதிரி தோன்றியது. ஒன்று, போனதை இப்படியாவது நினைவில் வைக்கிறார்களே என்று. இன்னொன்று, கொஞ்சம் பயம். நாளைக்கு ஒவ்வொன்றாகப் போனாலும் பரவாயில்லை, ஃபைல் இருக்கு என்று நாம் சமாதானம் ஆகிவிடுவோமோ? பறவைக்கு ஃபைல் இருக்கலாம். ஆனால் அதன் அந்த இடைவெளிக்குப் பதில் சொல்ல ஒரு பறவை வேணும், நம்ம மூச்சு போதாது.

அப்போ என்னதான் முடிவு?

இத்தனையும் படித்த பிறகு நான் எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். இப்படி ஏதாவது ஒன்றை மாட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் கிராஃபிக்ஸ் எப்படி என்று கேட்காதீங்க. கழற்றிய பிறகு, பக்கத்தில் இருக்கிற நிஜ மரம் பெரிசாத் தெரியுதா, சின்னதாத் தெரியுதா என்று கேளுங்க. எனக்கு மாலில் சின்னதாகத் தெரிந்தது. கிரைஸ்டேலில் தலையை வெளியே எடுத்தவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கணும். 

போன ஞாயிறு அக்கா பையனோடு அதே மாலுக்குப் போனேன். இந்தத் தடவை 150 ரூபாய் மிச்சம். நேராகப் பார்க்கிங் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். “15 நிமிஷம், போன் இல்லாமல் நிற்கணும், முடியுமா?” என்று சவால். ஆஸ்மோஸ் கணக்கு அது. முதல் 5 நிமிஷம், “எப்ப மாமா போலாம்?” என்று நாலு தடவை கேட்டான். உண்மையைச் சொன்னால் நானும் இரண்டு தடவை பாக்கெட்டைத் தடவினேன். அப்புறம் அவன் மரத்துப் பட்டையில் ஒரு எறும்பு வரிசையைப் பிடித்துவிட்டான். மேலே போகிறது வெறுங்கையாகப் போகுது, கீழே வருவது எதையோ தூக்கிக்கிட்டு வருது என்று கண்டுபிடித்தான். ஒரு அணில் எங்களைத் திட்டித் தீர்த்தது. பட்டையில் கையை வைத்தால் ஒரு பக்கம் வெயில் சூடு, மறுபக்கம் குளுமை. 20 நிமிஷம் ஆன பிறகு, போகலாம் என்று சொன்னது நான்தான். “இருங்க மாமா” என்றான் அவன்.

சரி, ஆரம்பத்தில் ஒன்று சொன்னேன் இல்லையா, இயர்போன் மாட்டியிருக்கிறவங்களுக்கு என்று. இந்த எபிசோடும் ஒரு சின்ன ஹெட்செட்தான். இத்தனை நேரம் உங்க காதை நான் அடைத்து வைத்திருந்தேன். அதனால அடுத்த எபிசோடுக்குத் தாவாதீங்க. பிளேலிஸ்டும் வேண்டாம். இயர்போனைக் கழற்றிட்டு, பக்கத்தில் இருக்கிற முதல் மரத்தடியில் நில்லுங்க. மெதுவாக ஒரு மூச்சு இழுத்து விடுங்க. மேலே மிதக்க மாட்டீங்க, அது எனக்குத் தெரியும். ஆனால் விட்ட மூச்சு எங்கே போகுது என்று இப்ப உங்களுக்குத் தெரியும்.

அந்த மரம் எது, அங்கே என்ன பார்த்தீங்க என்று எங்களுக்கு எழுதுங்க. நல்லதை அடுத்த வாரம் படிக்கிறேன். அதுவரை, பை மக்களே. கழற்றுங்க!